சுனாமி முகாம்களில் தட்டம்மைத் தடுப்பு (பாகூர்–கடலூர் கரை)

வீடிழந்து ஓரிடத்தில் ஒண்டியிருக்கும் மக்களிடையே தட்டம்மை புகாமல் காப்பது, உலகெங்கும் அகதி முகாம் மருத்துவத்தின் முதல் வேலைகளில் ஒன்று. 1985இல் கிழக்குச் சூடான் முகாம்களில் குழந்தைகளைப் பெருவாரியாகப் பலிகொண்டது இந்நோய்தான். புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் கடலோரத்திலும், தென்பெண்ணை ஆற்றுக்குத் தெற்கே தமிழகத்தின் கடலூரிலும் அதே கவலை 2004 டிசம்பர் 26 சுனாமியோடு எழுந்தது.

   

வீடிழந்த ஊர்க்காரர்கள் பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கினார்கள். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்ற பீதியில் பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டது. ஆனால் பேரிடரில் அடிபட்டு இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவுவது அரிது. நெரிசலும் கெட்ட தண்ணீருமே அஞ்சத்தக்கவை.

டிசம்பர் 29 அன்று, தமிழகக் கரையில் பாதிக்கப்பட்ட ஊர்களில் 6 முதல் 60 மாதம் வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போடும் பணி நடந்தது. இம்மருந்து பனிக்கட்டிப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பொடியைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

மறுநாளே கடலூர் மாவட்டத்திலிருந்து தட்டம்மைச் செய்தி வந்தது. அம்மை என்றால் வேப்பிலை செருகிப் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் இருப்பதால், மருத்துவமனைப் பதிவேடு மட்டும் போதாது. ஊர்களிலிருந்தும் தகவல் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. 101 பேருக்கு நோய் எனத் தெரிந்தது: சுனாமி தாக்கிய ஊர்களில் 71, தாக்காத ஊர்களில் 30. ஆயிரத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டால் முறையே 1.3, 1.7. அலை தொடாத ஊரில்தான் சற்றுக் கூடுதல்! ஆக, நோயைக் கடல் கொண்டுவரவில்லை. கிருமி முன்பே ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் தமிழகத்தில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு தவணை ஊசி போட்டிருந்தது. ஒரே தவணை எல்லாக் குழந்தைக்கும் பலிப்பதில்லை; பலிக்காதவர்களும் போடாதவர்களும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகிறார்கள். சுனாமி தாக்கிய ஊர்களில் நோய் கண்டவர்களில் 36 விழுக்காட்டினர் ஐந்து வயதைத் தாண்டியவர்கள், அதாவது 29ஆம் தேதி ஊசிக்கு வயது கடந்தவர்கள். பேரிடர்களில் 14 வயது வரை ஊசி போட வேண்டும், இரண்டாம் தவணைக்கு வழி செய்ய வேண்டும் என்று கடலூர்ப் பரவலை ஆராய்ந்தவர்கள் பரிந்துரைத்தார்கள்.

இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் இரண்டாம் தவணை 2010இல் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரைக்குமான தட்டம்மை–ரூபெல்லா ஊசித் திட்டம் முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் புதுச்சேரியும் தமிழ்நாடும் உண்டு. வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் தயங்க, தமிழ்நாட்டில் ஊசி போடும் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று.