படமும் எழுத்தும்

பாடாலூர்ப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து ஏதேனும் ஒன்று வெளிப்படுவது புதுமையன்று. திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு விலகிச் சற்று உள்ளே சென்றால், சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் கல்மரம் கிடக்கிறது. கல்லாகிப்போன கடல் நத்தைகளைப் பள்ளிப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு திரிவதையும் கண்டிருக்கிறோம். ஆகவே, சின்ன வெங்காயம் நடுவதற்குக் கொல்லையை உழுதபோது கிடைத்தது என்று சொல்லி ஒருவர் தம் மகனுடன் ஒரு மாலை வேளையில் பங்கு இல்லத்திற்கு வந்தபோது, இன்னுமொரு கல்லாக இருக்கும் என்றே எண்ணினோம். அவர் வேட்டி முனையில் முடிந்து வைத்திருந்ததோ ஒரு காசு.

“சாமி, இது ரோமாபுரிக் காசுன்னு பையன் சொல்றான். பாடப் புத்தகத்துல இதே மாதிரி தலை போட்டிருக்காம். நீங்க லத்தீன் படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க” என்றார்.

பையன் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். தலை இருந்தது. தலையைச் சுற்றி எழுத்தும் இருந்தது. வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எழுத்து இலத்தீன் மொழி அன்று; ஆங்கிலம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கால் அணா அது. அதை அவரிடம் சொல்வது நமக்கு எளிதாக இருக்கவில்லை. அந்த ஆண்டு வெங்காயம் விலை போகவில்லை என்பதையும், வீட்டு நகை அடகுக் கடையில் இருக்கிறது என்பதையும் அறிவோம். அவர் ஒன்றும் பேசாமல் காசை மகனிடம் கொடுத்துவிட்டார். பையன்தான் விடவில்லை. “அப்ப ரோமாபுரிக் காசுல என்ன எழுதியிருக்கும், ஃபாதர்?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னவற்றையும், அவன் சென்றபின் நாம் எண்ணிப் பார்த்தவற்றையுமே இங்கு எழுதத் துணிகிறோம்.

ஏறத்தாழ இதே வினாவை ஆண்டவரும் எழுப்பினார் அல்லவா? சீசருக்கு வரி கொடுப்பது முறையா என்று கேட்டு அவரைச் சிக்க வைக்கப் பரிசேயரும் ஏரோதியரும் வந்தபோது, ஒரு தெனாரியத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவத்தையும் பொறிப்பையும் பற்றி அவர்களிடமே வினவினார். மறையுரைகளில் நாம் அந்த உருவத்தைப் பற்றிப் பேசியே பழகிவிட்டோம். மனிதன் கடவுளின் உருவில் படைக்கப்பட்டவன், ஆதலால் அவன் கடவுளுக்கு உரியவன் என்று முடித்துவிடுவோம். அது நல்ல விளக்கமே. ஆனால் அங்கே எழுத்தும் இருந்தது. அதைப் பற்றி நாம் ஒருமுறையேனும் பேசியதாக நினைவில்லை.

அந்த நாணயம் திபேரியு சீசரின் வெள்ளித் தெனாரியம் என்பது வழிவழி வந்த கருத்து. திபேரியு கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். காலியா நாட்டு லுக்துனும் நகரில், அதாவது இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில், அச்சிடப்பட்ட காசு அது. முன்புறம் வாகை சூடிய தலை. அதைச் சுற்றி, சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றி, பாதிச் சொற்களாக எழுத்துகள் ஓடும்: ‘தி சேசர் திவி அவுக் எஃப் அவுகுஸ்துஸ்’. குருமடத்தில் கற்ற சிறிதளவு இலத்தீனைக் கொண்டு விரித்துப் படித்தால், ‘திபேரியு சீசர், தெய்வமாகிய அகுஸ்துவின் மகன், அகுஸ்து’ என்று வரும். ‘எஃப்’ என்னும் அந்த ஒற்றை எழுத்துதான் ‘மகன்’. ‘திவி’ என்பதுதான் ‘தெய்வமாகிய’. இறந்தபின் தெய்வமாக அறிவிக்கப்பட்டவனின் வளர்ப்பு மகன் என்ற உரிமையை ஒருவன் உலகெங்கும் கைக்குக் கை அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த எழுத்தைத் தாங்கிய காசு, யாரைத் திருச்சபை இறைமகன் என அறிக்கையிடுகிறதோ அவர் முன் நீட்டப்பட்டது. இதை எண்ணும்போது, வரி பற்றிய அந்த வினா வேறொரு கனத்தைப் பெறுகிறது.

பின்புறத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் செங்கோல், மறு கையில் மரக்கிளை. அமைதித் தேவதையின் வடிவில் காட்டப்பட்ட திபேரியுவின் தாய் லிவியா அவள் என்று பலர் கருதுவர். அவளைச் சுற்றிய எழுத்து, ‘போந்திஃப் மாக்சிம்’. தலைமைக் குரு என்று பொருள். உரோமையில் தூய பேதுரு பேராலய முகப்பில் 1612ஆம் ஆண்டைக் குறித்து, ஐந்தாம் பவுல் திருத்தந்தையின் பெயரோடு அதே பட்டம் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. சீசரின் பட்டம் எவ்வழியாகவோ பேதுருவின் வாரிசிடம் வந்து சேர்ந்தது. இதைக் கண்டு பெருமைப்படுவோரும் உண்டு, கூசுவோரும் உண்டு. நாம் இரண்டாம் கூட்டத்தினர் என்பதை மறைப்பானேன்?

இனி, இந்தக் காசைக் காண உரோமைக்கோ எருசலேமுக்கோ போக வேண்டியதில்லை. கோவைக்கு அருகே நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு 522 உரோமை வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றுள் பெரும்பகுதி திபேரியுவின் காசுகள், அடுத்த நிலையில் அகுஸ்துவின் காசுகள். கரூரிலும் பொள்ளாச்சியிலும் வேறு பல ஊர்களிலும் இத்தகைய புதையல்கள் வெளிப்பட்டுள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையையும் காவிரி நாட்டையும் இணைத்த பழைய பெருவழியையொட்டியே இவற்றுள் பல அமைந்துள்ளன. மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கும் ஈடாக வந்த வெள்ளி அது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தெர்சு நாணயங்களை உறிஞ்சிக்கொள்கிறது என்று முதலாம் நூற்றாண்டிலேயே மூத்த பிளினி நொந்துகொண்டான்.

அகுஸ்துவின் காசுகளுள் நம் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது எது என்று பார்த்தால், நெஞ்சைத் தொடும் கதை ஒன்று உண்டு. பின்புறத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். மேலே குருத்துவச் சின்னங்களாகிய வளைகோலும் அகப்பையும். எழுத்து அவர்களை அகுஸ்துவின் மக்கள் என்றும், பதவியேற்கவிருக்கும் ஆட்சித் தலைவர்கள் என்றும், இளைஞர்களின் தலைவர்கள் என்றும் கூறுகிறது. காயுஸ், லூசியுஸ் என்னும் இவர்கள் அகுஸ்துவின் மகள் வயிற்றுப் பேரர்கள். அவன் தனக்குப்பின் அரியணை ஏற்பதற்காகத் தன் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டவர்கள். லூசியுஸ் கி.பி. 2இல் இறந்தான். காயுஸ் கி.பி. 4இல் இறந்தான். ஆயினும் அவர்கள் நின்ற காசு தொடர்ந்து கப்பலேறிக்கொண்டேயிருந்தது. கொங்கு நாட்டு வணிகன் ஒருவன் அவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணியபோது, அந்தப் பிள்ளைகள் இறந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். அவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அவனுக்கு எழுத்து வேண்டியதில்லை, வெள்ளி வேண்டும். கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையைக் குறைத்துச் செம்பை மிகுதியாகக் கலந்தான். தமிழகத்தில் கிடைத்த உரோமை வெள்ளிக் காசுகளுள் மிகப் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவையே. இலத்தீன் அறியாத நம் முன்னோர் உலோகத்தைப் பிழையறப் படித்திருக்கிறார்கள்! எழுத்தை அவர்கள் எப்படிக் கண்டார்கள் என்பதற்கும் சான்று உண்டு. அகுஸ்து, திபேரியு காசுகளைப் பார்த்து இந்திய மண்ணிலேயே செய்த போலிகள் கிடைத்துள்ளன. அவற்றில் தலை ஓரளவு தலையாகவே இருக்கிறது. எழுத்துகளோ கோடுகளும் வட்டங்களுமாகச் சிதைந்து பொருளற்று நிற்கின்றன. தெய்வத்தின் மகன் என்ற அறைகூவல் கடல் கடந்து வந்து, வெறும் ஓர அலங்காரமாகிவிட்டது.

காவிரிக்குத் தெற்கே நடந்தது இன்னும் வியப்புக்குரியது. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு பானையில் 501 உரோமைப் பொற்காசுகள் கண்டெடுக்கப்பட்டன. அகுஸ்து முதல் வெஸ்பாசியன் வரையிலான அரசர்களின் காசுகள் அவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹில் என்னும் அறிஞர் அவ்வாண்டே அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஒரு பொற்காசு 25 தெனாரியத்துக்குச் சமம். திராட்சைத் தோட்ட உவமையில் ஒருநாள் கூலி ஒரு தெனாரியம். அப்படியானால் அந்தப் பானைக்குள் 12,525 நாள் கூலி இருந்தது. ஓய்வுநாள் ஒன்றுகூட இல்லாமல் உழைத்தாலும் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகும். புதைத்தவர் திரும்பி வரவேயில்லை.

அந்தக் காசுகளுள் பெரும்பாலானவற்றில், அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய ஆழமான தழும்பு இருக்கிறது. முகமுள்ள பக்கத்தைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். ஏன்? பொன்னின் தரத்தைச் சோதிக்க என்றால், ஓரத்தில் சிறு கீறல் போதும். தட்டான் எவரும் இப்படி வெட்டமாட்டார். பிற அரசனின் தலை இங்கே செல்லாது, இனி இது காசன்று, வெறும் பொன் என்று அறிவிக்கும் வெட்டு அது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. முதன்முறை இதைப் படித்தபோது, மனிதனைத் தெய்வமாக்கிய உருவத்தை யாரோ ஒருவர் மறுத்தார் என்று மறையுரைக்கு ஏற்றாற்போல் எண்ணி மகிழ்ந்தோம். அது நம் ஆசையே தவிர வரலாறு அன்று. வெட்டியவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாருடைய தலை என்பதைவிட, தம் அரசனின் தலை அன்று என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

தம் அரசனின் தலை என்ற ஒன்றும் பிறகு வந்தது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சிறு வெள்ளிக் காசுகளில் ஒருவன் தலை உரோமைப் பாணியில் பொறிக்கப்பட்டு, அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர் தாங்கியவையும் உண்டு. தெய்வத்தின் மகன் என்றோ தலைமைக் குரு என்றோ பட்டம் எதுவும் இல்லை. பெயர் மட்டுமே. சேர மன்னனின் இந்த அடக்கம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காசில் இடம் குறைவு என்பதே காரணம் என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார். இருக்கட்டும்.

இதுவரை சொன்னவை பிற சமயத்துச் சீசர்களின் காசுகள். நம்மைக் கேள்வி கேட்பவை இனிமேல் வருபவை. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டிலும் சுண்டுவிரல் நகத்தளவே உள்ள செப்புக் காசுகள் ஏராளமாக இத்திசைக்கு வந்தன. இலங்கையில் அவை மிகுதி. கரூர், மதுரை, திருக்கோவிலூர் ஆகிய ஊர்களில் கிடைத்தவற்றைப் பற்றி நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் நூல் வெளியிட்டார். இக்காசுகளை வெளியிட்ட தெயோதோசியு, அர்க்காதியு, ஹொனோரியு முதலியோர் கிறிஸ்தவ அரசர்கள். அவற்றுள் ஒரு வகையில், ‘சாலுஸ் ரேய்புப்ளிக்கே’ என்ற எழுத்து இருக்கும். ‘சாலுஸ்’ என்றால் நலம். இலத்தீன் விவிலியத்திலோ அதே சொல் மீட்பைக் குறிக்கும். நாட்டின் நலம், நாட்டின் மீட்பு! ஓரத்தில் சிலுவையோ கிறிஸ்துவின் பெயர்க் குறியோ பொறிக்கப்பட்டிருக்கும். தமிழ் மண்ணில் நம் மீட்பின் சின்னமா என்று நெஞ்சம் துள்ளுகிறது.

ஆனால் படத்தையும் பார்க்க வேண்டுமே! வெற்றித் தேவதை சிறகு விரித்து நடக்கிறாள். தோளில் வெற்றிச் சின்னம். மறு கையால் கைதி ஒருவனைத் தரையில் இழுத்துச் செல்கிறாள். சிலுவை அந்தக் காட்சிக்கு அருகில் நிற்கிறது. முன்பு சீசர் தன்னைத் தெய்வத்தின் மகன் என்று எழுதினான். இப்போது இறைமகனின் அடையாளத்தை எடுத்துத் தன் வெற்றிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். இழுபடும் அந்தக் கைதிக்கு இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு தெரிந்திருக்கும்? உருவமும் பொறிப்பும் யாருடையவை என்று ஆண்டவர் இந்தக் காசைக் கையில் வாங்கிக் கேட்டால், உடனே விடை சொல்ல நமக்கு நா எழாது.

பையனின் கால் அணாவிலும் இந்த மரபின் சாயல் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பிய தலை, அதைச் சுற்றி வட்டமாகப் பெயரும் ‘மன்னர் பேரரசர்’ என்ற பட்டமும். அதே மன்னர் தம் தாய்நாட்டில் வெளியிட்ட காசுகளில் இலத்தீன் சுருக்கெழுத்துகளே இருந்தன. அவற்றுள் ஒன்று ‘விசுவாசத்தின் பாதுகாவலர்’ என்பது. எட்டாம் ஹென்றிக்கு 1521இல் திருத்தந்தை பத்தாம் லியோ அளித்த பட்டம். திருத்தந்தையை விட்டுப் பிரிந்தபின்னும் பட்டத்தை மட்டும் அவர்கள் விடவில்லை.

மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தந்தையும் மகனும் மீண்டும் வந்தார்கள். உண்மையான உரோமைக் காசு கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டார் தந்தை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றோம். “அப்ப தட்டான் கிட்ட போகக் கூடாதா, சாமி?” என்றார். கூடாது என்றோம். நகை அடகில் இருக்கும் மனிதரிடம் அதைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்ததை ஒப்புக்கொள்கிறோம். உருக்கிவிட்டால் படமும் போய்விடும், எழுத்தும் போய்விடும் என்று சேர்த்துச் சொன்னோம். புளி போட்டுத் தேய்த்தாலும் எழுத்துத் தேயும் என்று பையனிடம் சொன்னோம். அவன் கால் அணாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தேய்க்காமல் விட்டிருந்த ஓரத்தைத் திருப்பிக் காட்டினான்.