உதட்டுக்குக் கட்டிய சீவாளி

நாதஸ்வரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வித்வான்களைச் சொல்வார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்த ஆசாரிகளைச் சொல்வார்கள். வாயில் வைத்து ஊதும் நாணல் நாக்கான சீவாளியைக் கட்டியவர்களை விட்டுவிடுவார்கள். கிளாரினெட் வாசிக்கிற எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

காரணத்தைக் கொல்லிமலையில் பார்க்கலாம். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் விடியற்காலை ஊதப் போனால், மூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். நாமக்கல் வெயிலில் நன்றாகப் பேசிய ரீடு அங்கே ஈரம் குடித்து நுனி நெளியும். குளிரில் சுருதியும் இறங்கும். நான் ரீடை மவுத்பீஸில் மயிரிழை மேலேற்றி, கீழிறக்கி, திருகை இறுக்கித் தளர்த்திக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நாயனக்காரரான என் சித்தப்பா சீவாளியைச் செருகும் உலோகக் குழாயான கெண்டையைச் சற்றே உள்ளே அழுத்துவார், சீவாளியை வாயில் ஊறவைப்பார், குச்சியை விட்டு அதன் வாயைத் திறப்பார். அவ்வளவுதான், சுருதி சேர்ந்துவிடும். "உன்னுது கடையில வாங்குனதுடா. இது என் உதட்டுக்குன்னே கட்டுனது" என்பார்.

அப்படிக் கட்டுவதற்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையை வெட்டிக் காயவைத்து, ஊறவைத்து, வேகவைத்து, தட்டையாக அழுத்தி, நூலால் சுற்றிக் கட்டுவார்கள். அதே ஊரின் பெயரைத் தாங்கிய டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உச்சச் சுருதித் திமிரியை விட்டுக் கீழ்ச்சுருதிப் பாரி நாயனத்துக்கு வந்தார். அதற்கான குழலைக் கடைந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. குழல் நீண்டால் சீவாளியும் பெரிதாக வேண்டும்; பழைய அளவை வைத்து ஊத முடியாது. ஆசாரியின் பெயர் நிலைத்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெரிய சீவாளியைக் கட்டிய கைகளும் அதே மரியாதைக்கு உரியவை.

கிளாரினெட்டுக்கு வேறு வழி. 1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் டென்னர் உருவாக்கிய கருவி அது. இங்கே 1860 வாக்கில் தஞ்சாவூர் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். சதிர் ஆட்டத்துக்கு வாசிக்கும் சின்ன மேளத்தில் முகவீணை என்ற சிறு ஊதுகருவி இருந்த இடத்தை மெல்ல மெல்ல அது பிடித்துக்கொண்டது. ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரிக் கருவியாக்கி 2008இல் சங்கீத கலாநிதி ஆனார். அவர் நாதஸ்வரமும் கற்றவர். அந்த வாசிப்பின் வளைவு அவருடைய கிளாரினெட்டில் கேட்கும்.

அந்த வளைவுக்கு ரீடும் மவுத்பீஸும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். மவுத்பீஸின் வாய் அகலமாகத் திறந்திருந்தால் மெல்லிய ரீடு. குறுகலாக இருந்தால் கொஞ்சம் கெட்டியானது. கெட்டி ரீடில் ஸ்வரம் நேராக நிற்கும், உதட்டுக்கு வளைந்து கொடுக்காது. ஆகவே நம் சங்கீதத்துக்கு மெல்லியதுதான் தோது. கெட்டியாகிப்போன ரீடை நனைத்து, கண்ணாடிமேல் வைத்து, நடு முதுகைத் தொடாமல் இரு ஓரத்தையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பேன். ஒரு இழுப்பு அதிகமானாலும் ஒலி சன்னமாகிவிடும். பிறகு அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இப்போது ஈரத்துக்கு நெளியாத செயற்கை ரீடும் வந்துவிட்டது. மலை ஏறும்போது ஒன்றை எடுத்துப்போகிறேன், ஊர்வலத்துக்கு அது போதும். சந்நிதியில் நின்று தோடி வாசிக்கும்போது மட்டும் நாணல் ரீடைத்தான் மாட்டுகிறேன். காந்தாரம் அதில்தான் எனக்கு அசைகிறது.