திங்கட்கிழமை ரிஜெக்‌ஷன்

பாடியிலிருந்து ஆவடி போகும் எம்.டி.எச். சாலையில் பஸ் நிறுத்தங்களுக்குச் சாமி பெயரோ தலைவர் பெயரோ அதிகம் கிடையாது. லூகாஸ், பிரிட்டானியா, டிஐ சைக்கிள், டன்லப் என்று கம்பெனிப் பெயர்கள்தான். டன்லப்பில் டயர் ஓடி நின்று வெகுகாலம் ஆகிறது. கண்டக்டர் மட்டும் விடுவதாக இல்லை. டிஐ சைக்கிள்ஸ் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து தொடங்கியது. அறுபதுகளின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமம் பாடியில் வரிசையாகக் கொட்டகை போட்டது: வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். 1964வாக்கில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு போல்ட்டும் புஷ்ஷும் பிராக்கெட்டும் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் அதில் நிரம்பின.

இப்போது இதே வட்டாரத்தில், பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், எம்.பி.ஏ. மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். பாடத்திட்டத்தில் ‘கிரிட்டிக்கல் திங்கிங், பிராப்ளம் சால்விங்’ என்று ஒரு தாள் இருக்கிறது. ஏதோ அண்மையில் கண்டுபிடித்ததுபோல அதற்கு ஒரு முன்னுரை வேறு. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஷிப்டுக்கு இறங்கி ஓடிய ஐடிஐ பையன்கள் அந்தத் தாளை எழுதாமலே பாஸ் செய்தவர்கள். அவர்கள் அதைப் படித்தது கியூசி சர்க்கிளில்.

ஜப்பானில் 1962இல் கவோரு இஷிகாவாவின் முயற்சியில் கியூசி சர்க்கிள் தொடங்கியது. ஒரே இடத்தில் வேலை செய்யும் ஐந்தாறு பேர் வாரம் ஒருமுறை கூடி உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள கோளாறைத் தாங்களே ஆராய்வது. இந்தியாவுக்கு 1980இல், ஐதராபாத் பெல் தொழிற்சாலை வழியாக வந்தது. எண்பதுகளின் இறுதியில் நான் டிப்ளமோ முடித்து எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்தபோது, பெரிய கம்பெனிகளிடமிருந்து எங்கள் வரைக்கும் அது கசிந்திருந்தது. கேண்டீனில் ஒரு கரும்பலகை, டீ, பிஸ்கட். அதுதான் வகுப்பறை.

எங்கள் சர்க்கிள் முதலில் எடுத்தது திங்கட்கிழமை ரிஜெக்‌ஷன். ஒரு சிஎன்சி லேத்தில் திங்கள் காலை ஓடும் முதல் சில ஜாப்கள் அளவில் தவறும். காரணம் எல்லோருக்கும் ‘தெரியும்’: ஞாயிற்றுக்கிழமை சரக்கு. ஃபோர்மேன் அதையே சொல்லித் திட்டுவார். மிஷினில் நிற்பவரும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொள்வார்.

சர்க்கிளில் வயதில் மூத்த ஒருவர், எட்டாவது வரை படித்தவர், “அவன் குடிக்கவே மாட்டான்டா, மாலை போட்டிருக்கான்” என்றார். அங்கேதான் விஷயம் திரும்பியது. கோடு போட்ட தாள் ஒன்றைப் பலகையில் சொருகினோம். எந்த மிஷின், யார், எத்தனை மணி என்று ரிஜெக்‌ஷன் விழும்போதெல்லாம் ஒரு கோடு. சில வாரம் கழித்துப் பார்த்தால், ஆள் மாறினாலும் கோடுகள் மாறவில்லை. ஒரே மிஷின், ஷிப்ட் தொடங்கிய முதல் நேரம். மற்ற நாள் காலையிலும் கொஞ்சம் விழுந்திருந்தது, திங்கள் அதிகம். மூன்று ஷிப்டும் நிற்காமல் ஓடும் பக்கத்து மிஷினில் அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை.

பிறகு ‘ஒய்-ஒய்’. முதல் ஜாப் ஏன் தவறுகிறது? மிஷின் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்தால் என்ன? சனிக்கிழமை சூட்டில் வைத்த ஆஃப்செட் அப்படியே இருக்கிறது. சூட்டில் நீண்டிருந்த பால் ஸ்க்ரூ ஒருநாள் ஓய்வில் சுருங்கிவிட்டது. மைக்ரான் கணக்குதான், ஆனால் எங்கள் டாலரன்ஸும் மைக்ரான் கணக்குதானே. காலையில் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டு, அப்புறம் அளவு வைக்கச் சொன்னோம். தீர்ந்தது. ஃபோர்மேன் திட்டுவதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டார்.

பாடியில் நடந்தது இதைவிடப் பெரிது. சுந்தரம் கிளேட்டனுக்கு ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடா ஆலோசகராக வந்துபோனார். 1998இல் அதன் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003இல் ரானே பிரேக் லைனிங், 2004இல் லூகாஸ் டிவிஎஸ். டெமிங் என்ற அமெரிக்கர் 1950இல் ஜப்பானியருக்கு எடுத்த பாடம், அரை நூற்றாண்டு கழித்துப் பாடி, அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் இப்படி விளைந்தது. பத்திரிகைகள் முதலாளிகளின் படத்தைப் போட்டன. அது நியாயம்தான். ஆனாலும் ஷாப் ஃப்ளோரில் தாளில் கோடு போட்டவன் படத்தையும் ஒரு மூலையில் போட்டிருக்கலாம்.

இந்த முறையில் நான் பெரிதாக மதிப்பது, கோளாறைத் தலையாகவும் காரணங்களை முள்ளாகவும் வரையும் மீன்முள் படத்தையோ ஒய்-ஒய்யையோ அல்ல; அவற்றுக்கு முந்தைய வேலையை. சர்க்கிள் முதலில் எல்லாக் கோளாறுகளையும் எழுதி மூன்றாகப் பிரிக்கும். நாமே தீர்க்கக்கூடியது ஏ. அடுத்த டிபார்ட்மெண்ட் கை வேண்டியது பி. மேனேஜ்மெண்ட் தீர்க்க வேண்டியது சி. எதை எடுப்பது என்று சர்க்கிளே முடிவு செய்யும். அந்தச் சண்டை சில சமயம் ஒரு மாதம் நடக்கும்.

சீக்கும் வந்தது. போட்டி, ஷீல்டு, மேடை என்றானதும் சில இடங்களில் விடையைக் கண்டுபிடித்த பிறகு மீன்முள் வரையத் தொடங்கினார்கள். எல்லா முள்ளும் அழகாக இருக்கும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அலங்காரம். தீர்ப்பு எழுதிவிட்டு விசாரணை நடத்துவது.

பிசினஸ் ஸ்கூல்களின் பாரம்பரியம் வேறு. 1961இல் அகமதாபாத் ஐஐஎம் தொடங்கியபோது ஹார்வர்டு துணையோடு கேஸ் முறை வந்தது. அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எதிராளி பேசும்போது காது கொடுப்பதும், பாதித் தகவலோடு முடிவெடுப்பதும் அதில் பழகும். ஆனால் கேஸில் பிரச்சினை எதுவென்று வேறு யாரோ ஏற்கெனவே பார்த்து, தேவையான எண்களைப் பொறுக்கி, அட்டவணை போட்டுத் தந்துவிடுகிறார்கள். கோடு போட்ட தாளை எங்கே மாட்டுவது என்ற கேள்வியே மாணவனுக்கு வருவதில்லை.

அதனால் என் மாணவர்களை அத்திப்பட்டுப் பக்கம் ஒரு சிறிய பேக்கிங் யூனிட்டுக்கு அனுப்பினேன். ஓனர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: “பொண்ணுங்க லீவு போடுறாங்க தம்பி, அதான் டெலிவரி லேட்டு.” பையன்கள் அதையே தலையாக வைத்து மீன்முள் வரைந்து வந்தார்கள், நாலு கலரில். திருப்பி அனுப்பினேன். இந்தமுறை ஒரு வெற்றுத் தாள் மட்டும். லாரி எப்போது கிளம்பியது, அட்டைப்பெட்டி எப்போது வந்தது, வேலைக்கு எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று தினமும் குறித்தார்கள். ஆள் குறைந்த நாளிலும் லாரி நேரத்துக்குப் போயிருந்தது. பெட்டி மதியத்துக்கு மேல் வந்த நாளெல்லாம் தாமதம். பெட்டிக்கு முதல்நாள் மாலையே போன் செய்ய வேண்டியவர் ஓனர். அவருக்கு ஞாபகம் வந்தது மறுநாள் காலையில்.

இதை எந்த வகையில் போடுவது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் தகராறு. கடைசியில் சி என்று எழுதி, மரியாதையாக ஒரு கடிதமும் வைத்துக் கொடுத்தார்கள். ஓனர் வாங்கிக்கொண்டார். அடுத்த பேட்சையும் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.