இன்டர்லூகின்-2 ஏற்பி

டி செல், இயற்கைக் கொல்லி செல் ஆகியவற்றின் புறச்சவ்வில் அமைந்து, இன்டர்லூகின்-2 என்னும் சமிக்ஞைப் புரதத்தைப் பற்றி அச்செல்களைப் பெருகத் தூண்டும் புரதத் தொகுதி. ஆல்பா, பீட்டா, காமா என்னும் மூன்று சங்கிலிகளால் ஆனது.

1976-இல் அமெரிக்காவில் ராபர்ட் கல்லோவின் ஆய்வகம், தூண்டப்பட்ட வெள்ளணுக்களை வளர்த்த திரவத்தில் டி செல்களை நெடுநாள் வளர்க்கலாம் என்று கண்டது. அத்திரவத்தில் இருந்த புரதம் 1979-இல் இன்டர்லூகின்-2 எனப் பெயர் பெற்றது. ஆயினும் ஓய்வில் இருக்கும் டி செல்கள் அதற்கு எளிதில் அசைந்து கொடுக்கவில்லை. 1981-இல் கெண்டல் ஸ்மித் குழு, கதிரியக்க அடையாளமிட்ட புரதத்தைக் கொண்டு, தூண்டப்பட்ட செல்களில் அதற்கென்றே ஏற்பி உண்டு என நிறுவியது. அதே ஆண்டு தாமஸ் வால்ட்மனின் குழு உருவாக்கிய எதிர்ப்பொருள் ஒன்று ஆல்பா சங்கிலியை அடையாளம் காண வழிசெய்தது. 1984-இல் அதன் மரபணுவும் கிடைத்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. செல்லுக்குள் நீளும் ஆல்பாவின் வால் வெறும் 13 அமினோ அமிலங்களே. அது எந்தச் சேதியையும் உள்ளே கடத்தப் போதாது. மேலும் தனி ஆல்பா இன்டர்லூகின்-2-ஐத் தளர்வாகவே பிடிக்கிறது. உயிருள்ள டி செல்லிலோ பிடிப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுக்கம். வேறு சங்கிலிகள் இருந்தாக வேண்டும் என்ற ஊகம் இப்படித்தான் வலுத்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1989-இல் பீட்டாவின் மரபணுவையும் 1992-இல் காமாவின் மரபணுவையும் பிரித்தெடுத்தனர். ஆல்பா இன்டர்லூகின்-2-ஐப் பிடித்துத் தருகிறது; பீட்டாவும் காமாவும் நெருங்கும்போது அவற்றின் வால்களில் ஒட்டியுள்ள ஜாக்-1, ஜாக்-3 நொதிகள் விழித்து, ஸ்டாட்-5 புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அது உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகிறது.

1993-இல் வாரன் லியோனார்டின் குழு, ஆண் குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் எக்ஸ் குரோமோசோம் சார்ந்த கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குக் காமா மரபணுவின் பழுதே காரணம் எனக் காட்டியது. இன்டர்லூகின்-2 மட்டும் செயலிழந்தால் நோய் இவ்வளவு கடுமையாக இராது. இன்டர்லூகின்-7, 15 உள்ளிட்ட வேறு ஐந்து புரதங்களும் காமாவையே பயன்படுத்துவது தெரிந்தபின் அதன் காரணம் விளங்கியது. இந்தச் சமிக்ஞைப் பாதையின் ஜாக்-3-ஐயும் தடுக்கும் டோஃபாசிட்டினிப் என்னும் மருந்து 2012-இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஆல்பா இல்லாத எலிகளுக்கு நோயெதிர்ப்பு குன்றும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். மாறாக, அவற்றின் டி செல்கள் பெருகிச் சொந்த உடலையே தாக்கின. நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்கள் ஆல்பாவை எப்போதும் தாங்கி நிற்பவை என்று ஷிமோன் சாகாகுச்சி 1995-இல் காட்டியிருந்தார். இன்டர்லூகின்-2 இன்றித் தளர்ந்துபோவன முதலில் அவையே.