மைசூரின் பெயரில் ஒரு போர்ப் படையணி: கொடையும் கேள்வியும்

கர்நாடக அரசின் முத்திரையில் நாம் நாள்தோறும் காணும் இருதலைப் பறவையான கண்டபேருண்டம், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அரச விமானப்படையின் 129ஆம் படையணிக்கும் சின்னமாக இருந்தது. அப்படையணியின் அதிகாரபூர்வப் பெயரிலேயே 'மைசூர்' இடம்பெற்றிருந்தது. பெங்களூரின் போர்க்கால வரலாற்றை எழுதுவோர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையோடு நின்றுவிடுகின்றனர். ஐரோப்பிய வானில் பறந்த இப்பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமை பெறும்.

1941 ஜூனில் இங்கிலாந்தின் லெகன்ஃபீல்டு தளத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களுடன் இப்படையணி மீண்டும் உருவாக்கப்பட்டது. 1942 ஆகஸ்டில் தியெப் தாக்குதலில் பங்கேற்றது. 1944இல் மஸ்டாங் விமானங்களுக்கு மாறி, நார்மண்டித் தரையிறக்கத்துக்குத் துணைநின்றது. பின்னர் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளை வேட்டையாடியது. 1946 செப்டம்பரில் அதன் எண் மாற்றப்பட்டபோது இந்த அத்தியாயம் முடிவுற்றது.

இது தனி நிகழ்வன்று. போர்நிதி வழங்கிய நாடுகள், மாகாணங்கள், சமஸ்தானங்கள் ஆகியவற்றின் பெயர்களைப் படையணிகளுக்குச் சூட்டுவது அக்கால வழக்கம். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று பெயரளவிலான விலையும் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஐதராபாத்தின் பெயரை ஏற்ற 152ஆம் படையணி நிஜாமின் தலைப்பாகையையே சின்னமாகக் கொண்டது. 79, 234, 264 ஆகிய மூன்று படையணிகள் 'சென்னை மாகாணம்' என்னும் பெயரைப் பெற்றன. அவற்றுள் 79ஆம் படையணி 1942இல் இந்தியாவுக்கே அனுப்பப்பட்டு, பர்மா முனையில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டது.

இங்கே எழும் கேள்வி, கொடுத்தவர் யார் என்பதே. சமஸ்தானத்தில் மன்னரின் முடிவே மக்களின் முடிவாகப் பதிவாயிற்று. சென்னை மாகாணத்திலோ நிலைமை இன்னும் சிக்கலானது. மக்களைக் கலந்து பேசாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து, இராஜாஜியின் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. அதன்பின் மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. 1940 அக்டோபரில் தொடங்கிய தனிநபர் சத்தியாகிரகத்தின் முழக்கம், ஆளாலோ பணத்தாலோ போருக்கு உதவுவது தவறு என்பதாகும். அதன்பொருட்டு இராஜாஜியும் சிறை சென்றார். ஆகவே, 'சென்னை மாகாணம்' என்று எழுதப்பட்ட பெயர், அந்த மாகாணத்தின் மிகப் பெரிய அரசியல் குரல் சிறையில் இருந்த காலத்தின் பெயர்.

இதனால் கொடை முழுவதும் கட்டாயமானது என்று முடிவுகட்டிவிடலாகாது. நாசிசத்தை மனமார எதிர்த்த இந்தியர் பலர் இருந்தனர். 1940இலேயே 24 இந்திய விமானிகள் பிரிட்டன் சென்றனர். அவர்களுள் மகிந்தர் சிங் புஜ்ஜி 43ஆம் படையணியில் ஹரிக்கேன் விமானம் ஓட்டினார். விருப்பம், விசுவாசம், அதிகார அழுத்தம் ஆகிய மூன்றும் ஒரே நிதிக்கணக்கில் கலந்திருந்தன என்பதே பொருத்தமான வாசிப்பு.

பெங்களூருக்கு இதில் தனி இடமுண்டு. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையுடன் இங்கே விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1942இல் இந்திய அரசு வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டது. 1943இல் ஆலையின் நிர்வாகம் அமெரிக்க விமானப்படையிடம் சென்று, அது பழுதுபார்க்கும் பெருந்தளமாயிற்று. மைசூரின் பணம் ஐரோப்பாவில் ஒரு பெயரை ஈட்டித் தந்தது. பெங்களூரில் ஒரு தொழிலை விதைத்தது. முன்னது ஐந்தே ஆண்டுகளில் மறைந்தது. பின்னது இன்றும் இந்நகரின் அடையாளங்களுள் ஒன்று.

போர்நிதியை ஆராயும் மாணவர்கள் படையணிகளின் வீரவரலாற்றோடு நிறுத்திவிடாமல், வசூலின் பக்கத்திலிருந்தும் தொடங்க வேண்டும். வானில் பறந்த பெயரின் பொருள் தரையில் பணம் திரட்டப்பட்ட விதத்தில்தான் உள்ளது.