பொற்றாமரைப் பாதங்கள்

ஐந்து வயதுச் சிறுமி. பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கப்படுகின்றன. நீண்ட துணி சுற்றப்படுகிறது, இறுக்கப்படுகிறது, அவிழ்த்துவிடாதபடி தைக்கப்படுகிறது. சிறுமி அலறுகிறாள். சீழ் பிடித்தாலும் கட்டு அவிழாது, இன்னும் இறுகும். எலும்பு வளைந்து, குதிகாலும் முன்பாதமும் நெருங்கி வரும்வரை, ஆண்டுக்கணக்கில் இந்தச் சித்திரவதை!

கட்டுகிறவள் யார்? மாற்றாந்தாயா? மன்னன் ஏவிய கொலையாளியா? இல்லை. பெற்ற தாய்! தன் காலும் அப்படியே ஒடிக்கப்பட்டது என்பதை மறவாத தாய்!

சீனத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நடந்த கொடுமை இது. பத்தாம் நூற்றாண்டில் அரசவை நாட்டியக்காரி ஒருத்தியிடம் தோன்றியது என்பது கதை. செல்வர் மாளிகையில் புகுந்து, பின்னர் உழவர் குடிசைவரை இறங்கியது. மூன்று அங்குலப் பாதத்துக்குப் ‘பொற்றாமரை’ என்று பெயர் சூட்டினர். புண்ணுக்குப் பூவின் பெயர்!

அந்தத் தாய்க்கு அன்பில்லையா, அறிவில்லையா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. பெண் பார்க்க வந்தவர்கள் முகத்துக்கு முன்பு காலைப் பற்றி விசாரித்தனர். பெண் தைத்த சிறு காலணி, அவள் பொறுமைக்கும் அடக்கத்துக்கும் சான்றாக மணமகன் வீட்டுக்குச் சென்றது. கட்டாத காலுக்கு நல்ல இடம் கிடைக்காது. திருமணத்தைத் தவிர வேறு வாழ்வும் பெண்ணுக்குக் கிடையாது. ஆகவே, மகளின் எதிர்காலத்தை எண்ணிய தாயே மகளின் காலை ஒடித்தாள். அன்பின் கையைக் கொண்டே அக்கிரமத்தைச் செய்வித்தது திருமண ஏற்பாடு!

இரத்தத்தில் ஊறியது, இயற்கையில் அமைந்தது என்று கூறுவோர், அதே மண்ணில் வாழ்ந்த ஹக்கா மக்களைப் பார்க்கட்டும். அவர்தம் பெண்கள் வயலில் உழைத்தனர், கால் கட்டவில்லை. ஆண்ட மஞ்சு இனப் பெண்களும் கட்டவில்லை. ஏற்பாடு வேறு, எனவே காலும் வேறு!

மஞ்சுப் பேரரசர் காங்சி 1660களில் தடை விதித்தார். 1668இல் அது கைவிடப்பட்டது. அரசாணை வாயிற்படிவரை வந்தது. மணப்பேச்சு நடக்கும் கூடத்துக்குள் நுழையவில்லை.

வழி கண்டவர்கள் பின்னால் வந்தனர். 1870களில் சியாமென் நகரக் கிறித்தவப் பெண்கள் சிலர் சங்கம் கண்டனர். 1883இல் கான்டன் அருகே காங் யூவெய் முயன்றார். 1895இல் ஆங்கில மாது அலிசியா லிட்டில் ஷாங்காயில் இயற்கைப் பாதச் சங்கம் நிறுவினார். 1897இல் அதே நகரில் லியாங் சிச்சாவ் முதலியோர் அமைத்த சங்கத்தின் உறுதிமொழியைக் கவனியுங்கள்: மகளின் காலைக் கட்ட மாட்டேன் என்பது ஒரு பாதி, கால் கட்டிய பெண்ணை மகனுக்கு மணமுடிக்க மாட்டேன் என்பது மறு பாதி. முதற் பாதி மட்டும் இருந்திருந்தால் ஊர் உபதேசத்தோடு போயிருக்கும். மறு பாதியே தாயின் அச்சத்தைப் போக்கியது. கட்டாத காலுக்கும் மாப்பிள்ளை உண்டு என்று ஆனதும், துணிச்சுருள் கை நழுவியது!

1929இல் வடசீனத்தின் டிங்சியன் வட்டாரத்தில் எடுத்த கணக்கு வியப்பூட்டும். 1890க்கு முன் பிறந்த பெண்களில் நூற்றுக்கு 99 பேர் கால் கட்டியவர்கள். 1919க்குப் பின் பிறந்தவர்களில் ஒருத்திகூட இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழமை, ஒரு தலைமுறைக்குள் தரைமட்டம்!

சங்கங்களுக்கே முழுப் புகழையும் தந்துவிடலாகாது. கால் கட்டிய சிறுமி ஓடியாட முடியாது. உட்கார்ந்து நூல் நூற்பாள். கிராமத்து மூதாட்டிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்த அண்மைக்கால ஆய்வாளர்கள், இந்தக் கைத்தொழிலையும் காரணமாகக் காட்டுகின்றனர். ஆலை நூல் வந்தது. வீட்டு இராட்டையின் வருவாய் வீழ்ந்தது. சிறுமியை உட்கார்த்தி வைப்பதில் இலாபமும் போயிற்று. மானத்தின் பெயரால் நடந்ததற்கு அடியில் பணக்கணக்கும் இருந்திருக்கிறது.

ஆனால், ஏற்கனவே ஒடிந்த கால்கள்? புரட்சி வீராங்கனை சியூ சின் தன் கட்டை அவிழ்த்தெறிந்தாள். 1904இல் கல்வி தேடி ஜப்பான் சென்றாள். 1907இல் தலை வெட்டுண்டாள். எல்லோரும் சியூ சின் அல்லரே! 1912இல் குடியரசு தடை விதித்தது. ஷான்சி மாகாணத்தில் ஆளுநர் யென் சிஷான் சோதனைக்காரரை வீடுவீடாக ஏவி, அபராதம் விதித்தார். வளைந்து இறுகிய எலும்பு, கட்டை அவிழ்த்தால் நிமிருமா? அவிழ்த்து நடப்பதும் வேதனை. நேற்று ‘தாமரை’ என்று போற்றிய சமுதாயம், இன்று அதே காலைக் காட்டி நாட்டின் அவமானம் என்று நகைத்தது.  அதைச் சுமந்த பெண்களுக்கும் அபராதம். சீர்திருத்தக்காரர்கள் செய்த இந்தப் பிழையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

யுன்னான் மாகாணத்துச் சிற்றூர்களில், 2000ஆம் ஆண்டுக்குப் பின்னும் அத்தகைய மூதாட்டிகள் சிலர் உயிரோடிருந்தனர். சந்தைக்குப் போய்வந்தனர், வயல் வேலையும் பார்த்தனர், மூன்று அங்குலக் காலணியைத் தம் கையாலேயே தைத்துக்கொண்டனர். அந்தக் காலுக்கு ஏற்ற காலணி கடையில் கிடைப்பதரிது.