தேக்கும் சேகுனும்: ஒரு மரப்பெயரின் வரலாறு

கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஊக்லி ஆற்றையொட்டிய சிவ்பூரில், கர்னல் ராபர்ட் கிட் 1787இல் நிறுவிய தாவரவியல் தோட்டத்தின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று, கப்பல் கட்டத் தேக்கு வளர்ப்பதாகும். தேக்கின் வைரப்பகுதியில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அணுகாது. ஓக் மரத்தைப்போல் இரும்பாணியை அரிப்பதில்லை. ஈரமும் வெயிலும் மாறிமாறிப் பட்டாலும் முறுக்கிக்கொள்வது குறைவு. அதிலுள்ள சிலிக்கா உளிமுனையை விரைவில் மழுக்குவது ஒன்றே தச்சர் காணும் குறை எனலாம். ஆனால் வங்காளத்தின் வண்டல் மண் இம்மரத்திற்கு ஒத்துவரவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. 1826க்குப் பின் மௌல்மீன் துறைமுகம் வளர, பர்மாத் தேக்கே கல்கத்தாவின் கதவுகளாகவும் கட்டில்களாகவும் ஆயிற்று.

மரம் கிழக்கிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் அதற்கு வழங்கிய பெயரோ தென்னாட்டினது. தமிழ், மலையாளம் ஆகியவற்றில் தேக்கு, தெலுங்கில் டேகு, கன்னடத்தில் தேகு என வழங்கும் இச்சொல், மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் நாவில் 'தேக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. நேரே தமிழிலிருந்து சென்றதென நம்மவர் சிலர் கூறுவது ஆர்வ மிகுதியே. லின்னேயசின் மகன் 1782இல் சூட்டிய 'டெக்டோனா' என்னும் பேரினப் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. தச்சனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருப்பது சுவையானது. 1793இல் தோட்டப் பொறுப்பேற்ற ராக்ஸ்பர்க் தெலுங்கு நாட்டுச் சாமல்கோட்டையிலிருந்து சென்றவர். சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் தேக்கைப் படத்துடன் விளக்கியுள்ளார்.

ஆயினும் வங்காளி தச்சர் கூறுவது 'சேகுன்' என்றே. இந்தியின் 'சாக்வான்', மராத்தியின் 'சாக்', அரபியின் 'சாஜ்' ஆகியவற்றுடன் இது வடமொழிச் 'சாக' என்பதன் குடும்பத்தைச் சார்ந்தது. அவ்வடமொழிச் சொல்லுக்குக் கீரை, காய்கறி என்னும் பொருளும் உண்டு என்பதை மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது. 'சால்' என்பது வேறு மரம். அதையும் தேக்கென்று எழுதிவிட்டால், வங்கப் புதினத்தில் சால் உத்தரம் தாங்கும் கிராமத்து வீடும் சேகுன் பலகணிகள் கொண்ட வடகல்கத்தா மாளிகையும் செல்வநிலையில் ஒன்றாகிவிடும். மாறாக, சேகுனை ஒலிபெயர்த்து அடிக்குறிப்பில் 'ஒருவகை மரம்' என்பதும் பொருந்தாது. செட்டிநாட்டு வீட்டுக் கதவைக் கண்டவர்க்கு அது பழகிய பர்மாத் தேக்குதான்.